வலிப்பு மாத்திரையால் மச்சானுக்குத் தோல் உரிந்தது. சீட்டு இருக்கிறது, மாத்திரை அட்டை இல்லை. கேட்க வழி உண்டா?

பாம்பன் தங்கச்சி

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் அக்கா வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். 41 வயது. போன வருஷம் தடைக்காலம் முடிந்து ஜூன் 15க்குப் பிறகு இரண்டாவது தடவை கடலுக்குப் போனபோது படகிலேயே வலிப்பு வந்துவிட்டது. கூட இருந்தவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்குக் கொண்டுவந்தார்கள். டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். தலை ஸ்கேன் எடுத்தார்கள், மாத்திரை எழுதினார்கள். மாத்திரையைக் கிளினிக்கிலேயே பேப்பர் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று என்று கவர் மேல் கோடு போட்டிருந்தது. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காய்ச்சல். கண் எரிகிறது என்றார். உதடு வெடித்தது, நெஞ்சிலும் முதுகிலும் சிவப்பாகத் தடித்தது. அதே கிளினிக்குக்குப் போனோம். அம்மை மாதிரி இருக்கிறது என்று சொல்லி ஊசி போட்டு, இன்னொரு சீட்டு எழுதி அனுப்பினார்கள். அம்மை என்றதும் அக்கா வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். ஐந்து நாள் தண்ணீரும் இளநீருமாக வைத்திருந்தோம். வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்ப வலிப்பு வரும் என்ற பயம்.

ஆறாம் நாள் சட்டையைக் கழற்றும்போது தோல் சட்டையோடு வந்தது. ராமநாதபுரம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே பார்த்த உடனே மாத்திரையை நிறுத்தச் சொல்லி மதுரைக்கு அனுப்பினார்கள். 27 நாள் மதுரையில். ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறது. உயிர் பிழைத்தார். இடது கண் மங்கலாகத்தான் தெரிகிறது, வெயிலைப் பார்க்க முடியவில்லை. இனி கடலுக்குப் போக முடியாது என்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அரசு ஆஸ்பத்திரி மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கிளினிக்கைக் கேட்க முடியுமா என்பதுதான் கேள்வி. மாத்திரை அட்டை எங்களிடம் இல்லை, ரசீதும் தரவில்லை. இரண்டு சீட்டு மட்டும் இருக்கிறது.

மண்டபம் படகு

தங்கச்சி, படிக்கவே மனசு கனக்கிறது. ஆனால் கோர்ட்டு, கேஸ் என்று போனால் நம்மைப்போன்றவர்கள் அலைந்தே தேய்ந்துவிடுவோம். படகு டோக்கனுக்கே எத்தனை நாள் நிற்கிறோம். அவர்களிடம் பேசி ஒரு தொகை வாங்கிக்கொள்ளப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் தவறு நடந்திருந்தால் அதுவும் கேட்க முடியாது.

தொண்டிக்காரன், துபாய்

நான் இங்கே அமெரிக்க சேனல் பார்க்கும்போது அடிக்கடி விளம்பரம் வருகிறது. இன்ன மாத்திரை சாப்பிட்டு உங்களுக்கு இன்னது வந்ததா, எங்கள் வக்கீலைக் கூப்பிடுங்கள் என்று. அந்த மாதிரி மருந்துக் கம்பெனி மேலேயே போட்டால் என்ன?

கிராமத்து டாக்டர்

இந்தக் கடற்கரைப் பக்கம் பல வருஷமாக வேலை பார்க்கிற மருத்துவன் நான். சகோதரி கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மாத்திரை கார்பமசெபின் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல மருந்து அது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. வலிப்பு உள்ள ஒருவரை மருந்து கொடுக்காமல் படகுக்கு அனுப்பினால் அவர் தண்ணீரில் விழுந்து இறப்பதற்குத்தான் வாய்ப்பு. எழுதினதே குற்றம் என்று சொல்ல முடியாது. இந்தத் தோல் நோய் மிக அரிது. ஐரோப்பிய வம்சத்தார் அதிகமுள்ள நாடுகளில் புதிதாக அந்த மருந்து தொடங்கும் 10,000 பேரில் 1 முதல் 6 பேருக்கு வருகிறது என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. ஆசிய நாடுகள் சிலவற்றில் அதைவிடப் பல மடங்கு. ஒரு குறிப்பிட்ட மரபணு இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்து, 2007இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஆசிய வம்சத்தாருக்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னது. நம் ஊர்ச் சின்னக் கிளினிக்குகளில் அந்தப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை. அதைச் செய்யவில்லை என்று ஒருவரைப் பிடிப்பது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கவிளைவு வந்தாலே டாக்டர் குற்றவாளி என்றால் நாளைக்கு யாரும் வலிப்புக்கு மருந்து எழுதமாட்டார்கள், எல்லோரையும் மதுரைக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் கஷ்டப்படுவதும் நம் ஜனங்கள்தான்.

வார்டு சிஸ்டர்

டாக்டர் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன் சார். எழுதினது தப்பில்லை. ஆனால் எழுதும்போது சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் இருக்கிறது. "முதல் இரண்டு மாசத்தில் காய்ச்சலோடு தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த மாத்திரை போடாமல் உடனே வாருங்கள்." இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? நான் தோல் வார்டில் இருந்தவள். கொதிநீர் பட்டது மாதிரி உரிந்து, வாழை இலையில் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு பிழைக்க வாய்ப்பு. உடம்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே உரிந்தால் ஸ்டீவன்ஸ் ஜான்சன், முப்பது சதவீதத்தைத் தாண்டினால் அதன் கடுமையான வடிவம், டென் (TEN) என்பார்கள். டென் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் இறந்துபோகிறார்கள். அந்த ஐந்து நாள் சின்ன விஷயம் இல்லை.

தங்கச்சி, இரண்டாவது சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? புரியாவிட்டாலும் எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

பாம்பன் தங்கச்சி

அக்கா, இப்போது கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தேதி இருக்கிறது. காய்ச்சல் 101 என்று இருக்கிறது. ஒரு ஊசிப் பெயர் புரியவில்லை. பாராசிட்டமால் புரிகிறது. கடைசி வரியில் சி.எஸ்.டி. என்று மூன்று ஆங்கில எழுத்து, அதற்குப் பக்கத்தில் பத்து நாள். அது என்ன மாத்திரை? கடைசி வரை அந்த மாத்திரையை நாங்கள் வாங்கவே இல்லை.

கீழக்கரை மருந்தாளர்

அது மாத்திரை இல்லை தங்கச்சி. இருக்கிற மருந்தையே தொடரவும் என்பதற்கு டாக்டர்கள் எழுதுகிற சுருக்கம். நாங்கள் தினம் பார்க்கிறோம்.

வார்டு சிஸ்டர்

அதேதான். உடம்பெல்லாம் தடிப்பும் காய்ச்சலுமாக வந்தவருக்கு, வலிப்பு மாத்திரையைப் பத்து நாள் தொடரவும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சீட்டை இன்றைக்கே நான்கு ஜெராக்ஸ் எடுங்கள். மூலச் சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பீரோவில் வையுங்கள். யார் கேட்டாலும் மூலத்தைக் கொடுக்காதீர்கள்.

கிராமத்து டாக்டர்

அந்த வரியை நான் எதிர்பார்க்கவில்லை. வலிப்பு மருந்தில் இருப்பவருக்குக் காய்ச்சலோடு தடிப்பு என்றால் முதலில் நினைக்க வேண்டியது மருந்தைத்தான். அம்மைக்கும் இதற்கும் ஆரம்பத்தில் குழப்பம் வரலாம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் தொடரவும் என்று எழுதியதை என்னால் நியாயப்படுத்த முடியாது.

ராம்நாடு வக்கீல்

இப்போது நான் எழுதலாம் என்று நினைக்கிறேன். நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறவன். மாவட்ட நீதிமன்ற வாசலில் இப்படி வருகிற ஆட்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன பேப்பர் கையில் இருக்கிறது என்றுதான்.

பக்கவிளைவு வந்தது என்பது மட்டும் வழக்கு ஆகாது. டாக்டர் சொன்னது சட்டத்திலும் சரி. சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் செய்யக்கூடியதைச் செய்தாரா என்பதைத்தான் பார்ப்பார்கள். மரபணுப் பரிசோதனை எடுக்கவில்லை என்பதை முக்கியக் குற்றச்சாட்டாக வைத்தால் நீங்கள் தோற்கலாம். அறிகுறி வந்தபிறகும் அதே மருந்தைத் தொடரச் சொன்னது, ஆபத்தைச் சொல்லாதது, மருந்தின் பெயர்கூடத் தெரியாமல் பேப்பர் கவரில் கொடுத்தது, இவற்றை வைத்தால் நிற்கும்.

தனியார் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தில் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் முடிவு சொல்லிவிட்டது. இப்போது நடப்பில் உள்ளது 2019ஆம் ஆண்டுச் சட்டம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கிளினிக் எந்த ஊரில் இருந்தாலும் சரி. எந்த நுகர்வோர் ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து முடிவு செய்வதில்லை, கிளினிக்குக்குக் கொடுத்த பணத்தை வைத்துத்தான். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சத்துக்குள் கொடுத்திருந்தால் மனுக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். கவனமாக இருக்க வேண்டியது காலக்கெடு: இரண்டு வருஷம். பேசித் தீர்க்கலாம் என்று கிளினிக் இழுத்துக்கொண்டே போகும், அந்தப் பேச்சில் இரண்டு வருஷம் ஓடிவிடும். மண்டபம் தம்பி சொன்ன வழியில் நான் பயப்படுவது இதற்குத்தான். பேசுங்கள், ஆனால் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அட்டை இல்லையே என்ற கவலைக்கு வருகிறேன். கிளினிக்கிடம் நோயாளியின் பதிவேடுகளை எழுத்தில் கேளுங்கள். மருத்துவர் நடத்தை விதிகள் 2002இன்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அவர்கள் கொடுத்தால் மருந்தின் பெயர் அதில் இருக்கும். கொடுக்காமல் விட்டால் அதுவே ஆணையத்தில் அவர்களுக்கு எதிராகப் பேசும். மதுரை ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டையும் மனுக் கொடுத்து வாங்குங்கள். எந்த மருந்தால் வந்தது என்று அங்கே டாக்டர்கள் எழுதியிருப்பார்கள். நிபுணர் சாட்சி இல்லாமல் வழக்கே நிற்காது என்று பலர் பயமுறுத்துவார்கள். 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அது மலேரியா வந்தவருக்கு டைபாய்டு என்று வைத்தியம் பார்த்த வழக்கு, உங்கள் கதைக்குக் கிட்டத்தில் வருகிறது.

போலீசுக்கு முதலில் போகாதீர்கள். 2005இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு மருத்துவர் மேல் குற்ற வழக்கு என்றால் மிக மோசமான அலட்சியம் என்று காட்ட வேண்டும், வேறொரு மருத்துவரின் கருத்தும் வேண்டும். அதற்கே மாசக்கணக்கில் போகும், பணமும் அதில் வராது. தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்கலாம், அது மருத்துவரின் பதிவு மேல் நடவடிக்கை எடுக்கும், நஷ்டஈடு தராது.

மண்டபம் தம்பிக்கு ஒரு திருத்தம். எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி நுகர்வோர் ஆணையத்துக்குள் வராது, அவ்வளவுதான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடலாம், சிவில் கோர்ட்டும் இருக்கிறது.

துபாய்த் தம்பி கேட்டது நல்ல கேள்வி. அமெரிக்காவில் அப்படி நடந்திருக்கிறது. ரோஃபெகாக்சிப் என்ற மூட்டுவலி மாத்திரை மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகரிக்கிறது என்று தெரிந்து 2004இல் கம்பெனியே திரும்பப் பெற்றது, 2007இல் வழக்குகளைத் தீர்க்க 485 கோடி டாலர் ஒதுக்கியது. நம் 2019 சட்டத்திலும் பொருள் தயாரித்தவரின் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. ஆனால் இங்கே கம்பெனி தன் குறிப்பேட்டில் இந்தத் தோல் நோயை எச்சரிக்கையாகப் போட்டிருக்கும். நாங்கள் டாக்டருக்குச் சொல்லிவிட்டோம் என்பார்கள். அந்த எச்சரிக்கை டாக்டரின் மேஜை வரை வந்து அங்கே நின்றுவிட்டது. அதனால் கேள்வி கிளினிக்குக்குத்தான்.

தொண்டிக்காரன், துபாய்

புரிந்தது அண்ணே. நஷ்டஈடு நம் நாட்டில் பெரிதாகக் கிடைத்தது உண்டா?

ராம்நாடு வக்கீல்

உண்டு. இதே தோல் நோயில்தான். அனுராதா சாகா என்பவருக்கு 1998இல் கொல்கத்தாவில் டென்னுக்கு வைத்தியம் பார்த்தார்கள், பிறகு மும்பைக்குக் கொண்டுபோய் அங்கே இறந்தார். நீண்ட நேரம் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியை அளவுக்கு மீறி, நாளைக்கு இரண்டு தடவை போட்டிருந்தார்கள். கணவர் குணால் சாகா தானே டாக்டர். பதினைந்து வருஷம் போராடினார். 2013இல் உச்ச நீதிமன்றம் சுமார் 6 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. இறந்தவர் அமெரிக்காவில் சம்பாதித்திருக்கக் கூடியதையும் கணக்கில் எடுத்தார்கள். அந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு யாரும் மனுப் போடாதீர்கள். மீனவத் தொழிலாளியின் வருமானத்தைக் காட்டுவதே நமக்குப் பெரிய வேலை. படகு உரிமையாளரிடம் பங்குக் கணக்கு எழுதி வாங்குங்கள், சங்க அட்டை, மீனவர் நலவாரிய அட்டை எல்லாம் எடுத்து வையுங்கள்.

சாயல்குடி மகன்

அய்யா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மா கரிமூட்டத்தில் வேலை பார்த்தவர். முட்டுவலிக்கு இரண்டு வருஷமாகக் கடையில் "ஒரு செட்டு கொடுங்க" என்று வாங்கிப் போட்டார். இப்போது கிட்னி போய்விட்டது, டயாலிசிஸ். கடைக்காரர் மேல் போட முடியுமா?

கீழக்கரை மருந்தாளர்

தம்பி, இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது எங்கள் தொழிலின் பாவம். செட்டு என்பது அட்டையிலிருந்து பிரித்த மூன்று நான்கு மாத்திரை. ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, பல கடைகளில் ஒரு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். அதுதான் "அந்தக் கடை மாத்திரை உடனே கேட்கிறது" என்ற பேரை வாங்கிக் கொடுப்பது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. பிரித்துக் கொடுத்தால் அந்தக் கோடும் இல்லை, பெயரும் இல்லை, பேட்ச் நம்பரும் இல்லை. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைக்கிறவர்களுக்கு வலி மாத்திரை கிட்னியை இன்னும் சீக்கிரம் அடிக்கும். கரிமூட்டம், உப்பளம், படகு, மூன்றுக்கும் அது பொருந்தும்.

என் வாப்பா காலத்திலிருந்து கடை நடத்துகிறோம். செட்டுக் கொடுக்க மாட்டேன் என்றதற்காக எத்தனையோ பேர் அடுத்த கடைக்குப் போயிருக்கிறார்கள். போகட்டும்.

ராம்நாடு வக்கீல்

சாயல்குடித் தம்பி, பொய் நம்பிக்கை தர மாட்டேன். காசு கொடுத்து வாங்கியதால் நீங்களும் நுகர்வோர்தான். ஆனால் ரசீது இல்லை, சீட்டு இல்லை, எந்த மாத்திரை என்றே தெரியாது. நஷ்டஈடு வாங்குவது மிகக் கஷ்டம். சீட்டு இல்லாமல் விற்பதை மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், உரிமம் மேல் நடவடிக்கை எடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. வீட்டில் பழைய கவரில் மாத்திரை ஏதாவது மிச்சம் கிடந்தால் தூக்கிப்போடாமல் கவரோடு வையுங்கள்.

மண்டபம் படகு

எங்கள் படகில் டீசல் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் செட்டு மாத்திரைதான் கிடக்கிறது. வலை இழுத்துத் தோள் வலித்தால் எல்லோரும் அதைத்தான் போடுகிறோம். இதைப் படித்தபிறகு நாளைக்கு அதைப் பார்க்கவே வேறு மாதிரி இருக்கும்.

வார்டு சிஸ்டர்

தங்கச்சி, வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். அதற்கு முன்னால் இரண்டு வேலை.

மச்சானுக்கு இனி எந்த டாக்டரிடம் போனாலும் காட்ட ஒரு அட்டை வேண்டும். இந்த மருந்தால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் வந்தது, இதைத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்று மதுரை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பெனிட்டாயின், பெனோபார்பிட்டோன் என்ற வேறு வலிப்பு மருந்துகளிலும் இதே ஆபத்து வரலாம், அவற்றையும் எழுதச் சொல்லுங்கள். ஆதார் அட்டையோடு சேர்த்து லேமினேட் செய்து அவர் சட்டைப் பையில் வையுங்கள். திரும்ப எங்காவது வலிப்பு வந்தால் அவசரத்தில் முதலில் போடும் ஊசிகளில் ஒன்று பெனிட்டாயின். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கண்ணைத் தொடர்ந்து காட்டுங்கள். தோல் ஆறிய பிறகும் கண் உள்ளே ஒட்டிக்கொண்டு போகலாம், வலது கண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இன்னொன்று, 1800 180 3024 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் அது. பக்கவிளைவை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, நோயாளி வீட்டார் சொல்லலாம், தமிழிலேயே படிவம் இருக்கிறது. நஷ்டஈடு வராது. ஆனால் இப்படி ஒவ்வொருவராகச் சொன்னது சேர்ந்துதான் எச்சரிக்கை வருகிறது. மாதவிடாய் வலிக்கு எல்லோரும் போடும் மெஃபனமிக் அமிலம் உடம்பு முழுக்கத் தடிப்பும் உள்ளுறுப்புப் பாதிப்பும் உண்டாக்கலாம் என்று 2023 நவம்பரில் அந்த ஆணையம் எச்சரித்தது, அது இந்த மாதிரிப் பதிவுகளைப் பார்த்துத்தான். மச்சானுக்கு நடந்தது நம் கடற்கரையிலிருந்து ஒரு கணக்காகவாவது அங்கே போய்ச் சேரட்டும்.

கிராமத்து டாக்டர்

சிஸ்டர் சொன்ன அந்த அட்டையை மதுரையில் தாமதமானால் நான் எழுதித் தருகிறேன். டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவந்தால் போதும். இன்றிலிருந்து வலிப்பு மாத்திரை எழுதும் ஒவ்வொருவருக்கும் அந்த வாக்கியத்தைச் சீட்டின் பின்னால் தமிழில் எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். இதுவரை வாயால் சொல்லியிருக்கிறேன், எல்லோரிடமும் சொன்னேனா என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியவில்லை.

பாம்பன் தங்கச்சி

எல்லோருக்கும் நன்றி. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். வேப்பிலை வைத்து ஐந்து நாள் வீட்டிலேயே போட்டது தன் தப்பு என்று இத்தனை மாசமாக அழுதுகொண்டிருந்தாள். அந்த மூன்று எழுத்துக்கு அர்த்தம் சொன்னதும் சீட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் அண்ணனுக்கு ஒரு கேள்வி. நோட்டீஸ் அனுப்பக்கூட எங்களிடம் இப்போது பணம் இல்லை. என்ன செய்வது?

ராம்நாடு வக்கீல்

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். ஆனால் மனு மச்சான் பெயரில் வர வேண்டும். அவர் மாற்றுத்திறனாளிச் சான்று வாங்கினால் அந்த வகையில் அவருக்கும் உரிமை உண்டு, குறைந்த வருமானம் என்ற வகையிலும் கேட்கலாம். போகுமுன் 15100க்குப் பேசி என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண் பரிசோதனையையும் சான்றையும் ஒரே நடையில் முடிக்கப் பாருங்கள். பதிவேடு கேட்கும் கடிதத்துக்கு வக்கீல் தேவையில்லை, நான் மாதிரி எழுதி இந்த இழையில் போடுகிறேன். பெயர், தேதி, கிளினிக் முகவரி மட்டும் நிரப்பி மச்சான் கையெழுத்துப் போட்டால் போதும்.

பாம்பன் தங்கச்சி

சரி அண்ணே. திங்கள்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். கடிதத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டுவிட்டால் போகிற வழியில் தபாலாபீசில் பதிவு செய்துவிடுவேன். மச்சானுக்கு இப்போது எழுத்து சரியாகத் தெரிவதில்லை, கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பெரிதாகக் கோடு போட்டுக் கொடுங்கள்.